நுண்ணுயிருக்கு என்ன தீனி? எண்ணூரிலிருந்து திருவாலங்காடு வரை

கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், சென்னை எதை எரித்து வாழ்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் எண்ணெய் நிறுவனங்களின் டாங்குகள். திருவொற்றியூர் வந்ததும் மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை. எண்ணூர் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போது அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள். அவற்றுக்கு வேண்டிய நிலக்கரி ஒடிசாவிலிருந்து கப்பலேறிக் காமராஜர் துறைமுகத்துக்கு வருகிறது. அதே துறைமுகத்தில் 2019 முதல் திரவ இயற்கை எரிவாயுவும் வந்திறங்குகிறது. வேறெங்கோ தோண்டியெடுத்தது இந்த வழியாக ஊருக்குள் போகிறது. சாம்பலும் புகையும் மட்டும் இங்கேயே தங்கிவிடுகின்றன.

காலை ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலி மீன்கூடைகளோடு சில பெண்கள் கதவருகே உட்கார்ந்திருந்தார்கள். நான் போனது வேறொரு தேடலுக்காக. மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கொண்டு எரிபொருள் வடிக்கும் தொழில் உலகில் வளர்ந்துவருகிறது. அப்படி ஓர் ஆலை திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்தால் அந்த உயிர்களுக்கு இங்கே என்ன தீனி கிடைக்கும் என்று பார்க்க விரும்பினேன்.

இந்தக் கேள்வியை எழுப்பியது ஹரியானாவின் பானிபட். அங்கே இந்தியன் ஆயில் நிறுவனம் கட்டிய ஆலையை 2022 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலை வாங்கி, சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். செலவு 900 கோடி ரூபாய்க்கும் மேல். அதே பானிபட்டில் சுத்திகரிப்பு ஆலை வெளிவிடும் வாயுவை நுண்ணுயிருக்கு ஊட்டி, நாளொன்றுக்கு 128 கிலோ லிட்டர் எத்தனால் எடுக்கும் இன்னொரு ஆலையையும் அந்த நிறுவனம் திட்டமிட்டு அமைத்தது. அதன் தொழில்நுட்பம் லான்சாடெக் நிறுவனத்தினுடையது. 2005இல் நியூசிலாந்தில் தொடங்கிய நிறுவனம் அது. மணலி ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியமும் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம்தான். பானிபட்டில் முடிந்தது மணலியிலும் முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

எண்ணூர்

எண்ணூரில் இறங்கிக் கழிமுகம் வரை நடந்தேன். நுண்ணுயிரையும் எண்ணெயையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து, எண்ணூரிலிருந்து தெற்கே நெடுந்தூரம் கரையெல்லாம் கறுத்தது. ஆட்கள் வாளியில் அள்ளி ஊற்றிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் அடித்தண்டு என எல்லாவற்றிலும் அது படிந்தது.

"எண்ணெய் பட்ட வலைய என்னா தேச்சாலும் போவாது சார். தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர். "மீனு புடிச்சாலும் எண்ணூர் மீனுன்னா வாங்க யோசிக்கிறாங்க."

மரபணு மாற்றிய நுண்ணுயிரின் சட்ட வரலாறு தொடங்கியதே எண்ணெயில்தான். மேற்கு வங்கத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, கச்சா எண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கக்கூடிய ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தரலாம் என்று 1980 ஜூனில் தீர்ப்பு வந்தது. பின்னாளில் எரிபொருள் வடிக்கும் உயிர்களில் கோடிக்கணக்கான டாலர் முதலீடு குவிய வழிதிறந்தது அந்தத் தீர்ப்பு.

எண்ணெயைத் தின்னும் உயிரிலிருந்து எரிபொருளைத் தரும் உயிருக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1987இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் லானி இங்ராம் குழு, குடலில் வாழும் இ. கோலை பாக்டீரியாவில் சைமோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் மரபணுக்களைப் புகுத்தி எத்தனால் வடிக்க வைத்தது. 1991 மார்ச்சில் அந்தக் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 50 லட்சம். மரபணுக்களைக் கொடுத்த சைமோமோனாஸ் நமக்கு அந்நியமானதல்ல. பனங்கள்ளில் வாழ்வது அது.

பொன்னேரி

அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் எனக் கடந்து போகும்போது சாம்பல் நிறம் மெல்லக் கழன்று பச்சை வருகிறது. வரப்பில் பனைகள். பொன்னேரி வட்டாரம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் விளைந்த பூமி. இயந்திரம் அறுத்துவிட்டுப் போன வயலில் வைக்கோலை உருளை உருளையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். பானிபட் ஆலைக்குத் தீனி இதுதான்.

வைக்கோலில் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அது பூட்டிக் கிடக்கிறது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ். கால் பங்கை ஒட்டி ஹெமிசெல்லுலோஸ். இரண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பது லிக்னின். முதலில் அமிலத்தாலும் நீராவியாலும் வைக்கோலை நெகிழச் செய்து, பிறகு நொதிகளைக் கொண்டு சர்க்கரையாகப் பிரிக்க வேண்டும். செல்லுலோஸிலிருந்து வருவது குளுக்கோஸ், ஈஸ்டுக்குப் பிடித்தமானது. ஹெமிசெல்லுலோஸிலிருந்து வருவதில் பெரும்பகுதி சைலோஸ். ரொட்டிக்கும் சாராயத்துக்கும் பழகிய ஈஸ்ட் அதைத் தொடாது. சைலோஸை விட்டுவிட்டால் வைக்கோலுக்குக் கொடுத்த விலையில் கணிசமான பங்கு சாக்கடைக்குப் போகும். மரபணுவில் கைவைக்க வேண்டிய உண்மையான தேவை பிறந்தது இங்கேதான்.

1990களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ சைலோஸை உண்ணும் ஈஸ்டை உருவாக்கினார். பின்னர் நெதர்லாந்தில் வேறொரு வழி கண்டார்கள். இந்திய யானையின் சாணத்திலிருந்து பிரித்தெடுத்த பைரோமைசஸ் என்ற பூஞ்சை, காற்றில்லாத குடலில் நாரைச் செரிக்க உதவுவது. அதன் ஒரு மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்தபோது, ஈஸ்ட் சைலோஸையும் எத்தனாலாக்கத் தொடங்கியது. லான்சாடெக்கின் வாயு உண்ணும் பாக்டீரியா முயல் புழுக்கையில் கண்டறியப்பட்டது. கள், யானைச் சாணம், முயல் புழுக்கை: இந்தப் பெரிய தொழிலின் மூலதனம் இப்படிப்பட்ட இடங்களில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் காப்பதும் காட்டைக் காப்பதன் ஒரு பகுதி என்று நான் நம்புவதற்கு இது போதும்.

வயலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வடக்கே வைக்கோலிலிருந்து பெட்ரோலில் கலக்கும் ஸ்பிரிட் எடுக்கிறார்கள், கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா என்றேன்.

"என் மாட்டுக்குப் போக மிச்சம் இருந்தா குடுக்கலாம் தம்பி. இருக்கிறதே பத்தல. ஐப்பசி கார்த்திகையில காசு குடுத்து நானே வெளிய வாங்குறேன்."

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்துக் கோதுமை விதைக்கும் அவசரத்தில் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். டெல்லியின் காற்று கெட்டுப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே எரிப்பதை வாங்கி எரிபொருளாக்குவதில் இரட்டை நன்மை உண்டு. பொன்னேரியில் வைக்கோல் கழிவல்ல, பால். இங்கே ஆலை வந்தால் மாட்டோடு போட்டி போட்டுத்தான் வைக்கோல் வாங்க வேண்டும். தோற்பது மாடு வைத்திருக்கும் வீடு. பானிபட்டின் ஒரு பாதி இங்கே பொருந்தாது என்பது பொன்னேரியிலேயே தெளிவாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி

கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் "சிப்காட், சிப்காட்" என்று கூவுகிறார்கள். தமிழைவிட ஒடியாவும் போஜ்புரியும் அதிகமாகக் காதில் விழுகின்றன. இரும்பு உருக்கு, வார்ப்படம், கம்பி உருட்டும் ரோலிங் மில், ரசாயனம் எனப் பலவும் நெருங்கி நிற்கும் தொழிற்பேட்டை. லாரியில் பழைய இரும்பு உள்ளே போகிறது, கட்டடக் கம்பியாக வெளியே வருகிறது.

இரும்பு ஆலை என்றதும் நம்பிக்கை வருவதற்குக் காரணம் இருக்கிறது. லான்சாடெக்கின் முதல் வணிக ஆலை 2018இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் ஓர் உருக்காலையை ஒட்டித்தான் தொடங்கியது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஆர்செலார்மித்தல் உருக்காலையோடு சேர்த்து ஆண்டுக்கு 8 கோடி லிட்டர் கொள்ளளவில் இன்னொன்றைக் கட்டினார்கள். ஊது உலையில் நிலக்கரிக் கோக் கொண்டு இரும்புத் தாதுவை உருக்கும்போது கார்பன் மோனாக்சைடு நிறைந்த வாயு வெளியேறுகிறது. மனிதனைக் கொல்லும் அந்த வாயுவே கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜெனம் என்ற பாக்டீரியாவுக்கு உணவு. நீர் நிரம்பிய தொட்டியில் வாயுவைக் குமிழ்களாகச் செலுத்தினால், அது கார்பனை இழுத்து எத்தனாலை விடுகிறது. எத்தனால் செய்வது அதன் இயற்கைக் குணம். 2022இல் வெளியான ஆய்வில் அதன் மரபணுக்களை மாற்றி அசிட்டோனும் ஐசோபுரோப்பனாலும் செய்ய வைத்ததைக் காட்டினார்கள். அதே தொட்டி, அதே வாயு, பொருள் மட்டும் வேறு. மரபணுப் பொறியியல் தரும் வசதி அதுதான்.

ஓர் உருக்கு ஆலையின் வாசலில் ஷிப்ட் முடிந்து வந்த உலைத் தொழிலாளி ஒருவரிடம் இதை விளக்கிக் கேட்டேன். அவர் சிரிக்காமல், பொறுமையாகச் சொன்னார்: "இங்க கோக் இல்ல சார். எல்லாம் இன்டக்ஷன் ஃபர்னஸ். கரண்ட்டுலதான் ஸ்கிராப் உருகுது. நீங்க சொல்ற கேஸ் இதுல வராது."

அவர் சொன்னது முழு உண்மை. இன்டக்ஷன் உலை மின்காந்தத்தால் இரும்பைச் சூடேற்றுகிறது. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலை அங்கே இல்லாததால் கார்பன் மோனாக்சைடு ஆறாக ஓடுவதும் இல்லை. வெளியே வருவது தூசியும் புகையும். பாக்டீரியாவுக்கு அதில் தீனி இல்லை. கென்ட் நகரத்தை அப்படியே கும்மிடிப்பூண்டியில் நட்டுவிட முடியாது. வாயு வேண்டுமென்றால் வந்த வழியே தெற்கே திரும்பி மணலிக்குத்தான் போக வேண்டும்.

டீக்கடையில் சந்தித்த ஓர் அம்மாவிடம் நுண்ணுயிர் ஆலை பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: "கம்பெனி எது வேணா வரட்டும்பா. ராத்திரியில பொகை வுடுமா வுடாதா?" மூச்சோடு வாழ்கிறவர் கேட்கும் கேள்வி. ரசாயனத் தொழிற்பேட்டையைச் சுற்றி இருப்பவர்களுக்கு மரபணு என்ற சொல் புதிய பயத்தையும் தரும். அந்தப் பயத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எரிபொருள் வடிக்கும் உயிர் வயலில் விதைக்கப்படுவதில்லை. மூடிய எஃகுத் தொட்டிக்குள் வாழ்கிறது. அதன் வேலை முடிந்ததும் வெப்பத்தால் கொன்றுவிட்டுத்தான் கழிவை வெளியே எடுக்க வேண்டும். இந்தியாவில் இதற்கென 1989ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. நிறுவன அளவிலான உயிரியல் பாதுகாப்புக் குழுவில் தொடங்கி மத்திய மதிப்பீட்டுக் குழு வரை பல படிகளில் அனுமதி பெற வேண்டும். விதி இருக்கிறது. கண்காணிப்பும் அதே அளவு இருக்கிறதா என்பதைத்தான் ஊர் கேட்க வேண்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈஸ்ட் 30 முதல் 35 டிகிரி சூட்டில் நன்றாக வேலை செய்யும். சர்க்கரையை வடிக்கும்போது அதுவே வெப்பத்தையும் விடும். சித்திரை வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் கும்மிடிப்பூண்டியில், தொட்டியைக் குளிர்விக்கவே மின்சாரமும் தண்ணீரும் செலவாகும். 40 டிகிரிக்கு மேலும் எத்தனால் வடிக்கும் க்ளைவெரோமைசஸ் மார்க்சியானஸ் போன்ற ஈஸ்ட்கள் இருக்கின்றன. அவற்றை வலுப்படுத்துவது நம் ஊர் ஆய்வாளர்களின் வேலை. குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு இந்த அவசரம் இல்லை.

தண்ணீர் போகும் பாதை

கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே தேர்வாய் கண்டிகை வழியாக ஊத்துக்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் ஏரிகள். தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டின் இன்னொரு தொழிற்பூங்கா இருக்கிறது. மிஷெலின் டயர் ஆலை அங்கேதான். அதற்குப் பக்கத்திலேயே சென்னையின் குடிநீருக்காகக் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு அரை டி.எம்.சி. பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் இந்த மாவட்டத்தில்தான் மழைநீரைச் சேர்த்து வைக்கின்றன. பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது 1944இல். கிருஷ்ணா நீர் ஆந்திராவிலிருந்து வந்து சேர்வதும் அங்கேதான். சென்னை குடிக்கும் தண்ணீரின் தாய்வீடு திருவள்ளூர்.

எரிபொருள் ஆலையின் பேச்சில் இந்தத் தண்ணீர் அடிக்கடி மறைந்துபோகிறது. கரும்பிலிருந்து வரும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு, பயிருக்குப் பாய்ச்சியதையும் சேர்த்து, சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணக்கிட்டது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து வடித்தால், ஆலைக்குள் ஒவ்வொரு லிட்டர் எத்தனாலுக்கும் 8 முதல் 15 லிட்டர் வரை கறுத்த கழிவுநீர் மிஞ்சும். தொழிலில் அதை ஸ்பென்ட் வாஷ் என்பார்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் வடிக்கும் ஆலை 8 முதல் 15 லட்சம் லிட்டர் ஸ்பென்ட் வாஷைக் கையாள வேண்டியிருக்கும். அதைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரிக்கவும், சாண எரிவாயுபோல் வாயு எடுக்கவும் முறைகள் உண்டு. இரவில் திருட்டுத்தனமாக ஓடையில் திறந்துவிட்டால் ஆரணி ஆறும் கொசஸ்தலையும் தாங்காது. ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. அங்கே இறாலும் நண்டும் நம்பிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன.

திருவாலங்காடு

திருவள்ளூரில் வண்டி மாறித் திருவாலங்காடு போனேன். நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கே. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லும் தலம். ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்த ஊர். இந்தப் பயணத்தில் என்னை இழுத்தது இங்கிருக்கும் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கரும்பு இதை நம்பித்தான் வளர்கிறது.

ஒரு டன் கரும்பை அரைத்தால் சர்க்கரை போகச் சுமார் 45 கிலோ மொலாசஸ் மிஞ்சும். அதிலிருந்து பத்து லிட்டர் அளவுக்கு எத்தனால் எடுக்கலாம். சர்க்கரை எடுக்காமல் சாற்றையே புளிக்கவைத்தால் 70 லிட்டர் வரை வரும். இந்த இரண்டுக்கும் சாதாரண ஈஸ்டே போதும். இந்தியா 2013-14இல் பெட்ரோலில் ஒன்றரை சதவீதம் அளவுக்கே எத்தனால் கலந்தது. 2025இல் அது 20 சதவீதத்தைத் தொட்டது. அந்த வளர்ச்சியின் பெரும்பங்கு மரபணு மாற்றிய ஈஸ்டை நம்பி வந்ததல்ல. தமிழ்நாட்டில் மொலாசஸ் நெடுங்காலம் மது வடிப்பதற்கே அதிகம் போனது. மாநில அரசு 2023இல்தான் எத்தனால் கலப்புக் கொள்கையை வெளியிட்டது.

ஆலைக்கு வெளியே டிராக்டரில் சாய்ந்து நின்ற விவசாயி ஒருவர் கணக்கைப் போட்டுக் காட்டினார். "வெட்டுக்கூலி ஏறிப்போச்சு. வெட்டு உத்தரவு லேட்டானா கரும்பு காஞ்சு எடை போவுது. காசு கைக்கு வர மாசக்கணக்கு ஆவுது. பாதிப் பேரு நெல்லுக்குப் போயிட்டாங்க சார்." தமிழ்நாட்டின் சர்க்கரை உற்பத்தி பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போனதன் கதை அவருடைய மூன்று வரியில் இருந்தது. எத்தனால் வருமானத்தில் பங்கு தந்தால் மறுபடி கரும்பு வைப்பீர்களா என்று கேட்டேன். "குடுத்தா வைப்போம். பேச்சா இருந்தா வேணாம்."

சர்க்கரையின் விலை இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய தடை என்பதற்கு வேதியியலே சாட்சி. நூறு கிலோ குளுக்கோஸிலிருந்து ஏட்டுக் கணக்குப்படி அதிகபட்சம் 51 கிலோ எத்தனால்தான் வரும். மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். எவ்வளவு திறமையான மரபணுவை வைத்தாலும் இந்த எல்லை நகராது. கலிபோர்னியாவின் அமிரிஸ் நிறுவனம் ஈஸ்டின் மரபணுக்களை மாற்றி ஃபார்னசீன் என்ற பொருளை வடித்தது. அதிலிருந்து டீசலும், 2014இல் தர அனுமதி பெற்று விமான எரிபொருளும் வந்தன. விஞ்ஞானத்தில் குறையில்லை. கரும்புச் சாற்றின் விலையைக் கொடுத்து வடித்த டீசலால் நிலத்தடி எண்ணெயின் விலையோடு மோத முடியவில்லை. நிறுவனம் அழகுசாதனப் பொருளுக்குத் தாவியது. 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கோரியது. எக்ஸான் நிறுவனம் 2009இல் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்துத் தொடங்கிய பாசி எரிபொருள் ஆய்விலிருந்தும் பின்வாங்கிவிட்டது. நம் பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. சென்னை ஐஐடியில் வேர்விட்டு 2010இல் தொடங்கிய சீ6 எனர்ஜி, கடற்பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் கனவோடு 2012இல் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனத்தோடு கைகோத்தது. இன்று அது சந்தையில் விற்பதில் முக்கியமானவை பயிருக்கான கடற்பாசி ஊக்கிகள். எரிபொருள் மலிவாக விற்க வேண்டிய பண்டம். தீனிக்கு விலை கூடினால் எந்த உயிராலும் அதைச் சமாளிக்க முடியாது.

தானியத்தைத் தீனியாக்கினால் வேறொரு வீட்டில் அடுப்பு பாதிக்கும். எத்தனாலுக்கு மக்காச்சோளம் பெருமளவில் போகத் தொடங்கியபின், நாமக்கல் கோழிப் பண்ணையாளர்கள் தீவன விலை உயர்ந்ததாகக் குரல் எழுப்பினார்கள். இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் எத்தனாலுக்குப் போகிறது. ரேஷன் கடையில் மக்கள் வரிசையில் நிற்கும் நாட்டில் இதை இயல்பான ஏற்பாடாக என்னால் ஏற்க முடியவில்லை.

தீனியின் வரிசை

எண்ணூரிலிருந்து திருவாலங்காடு வரை பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து வைத்தால் என் முடிவு தெளிவாக இருக்கிறது. முதலிடம், யாருக்கும் வேண்டாத கழிவுக்கு. கொடுங்கையூரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நகரத்தின் கழிவிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் செய்கிறது. அந்த வேலையை இயற்கையான பாக்டீரியாக்களே செய்கின்றன. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் பிரஸ்மட்டிலிருந்து வாகன வாயு எடுக்கவும் அவையே போதும். இரண்டாவது மொலாசஸ். பழைய ஈஸ்ட் அதற்குப் போதும். பழைய உயிர் செய்கிற வேலைக்குப் புதிய மரபணு வேண்டியதில்லை.

மரபணு மாற்றிய உயிருக்கு இந்த வட்டாரத்தில் உண்மையான வேலை இரண்டே இடங்களில் இருக்கிறது. ஒன்று, எத்தனால் அல்லாத வேறு பொருளையும் எடுக்க விரும்பினால், மணலியில் சுத்திகரிப்பு ஆலையின் வாயு. மற்றது, திருவாலங்காட்டின் கரும்புச் சக்கை. ஒரு டன் கரும்பில் கால் டன்னுக்கு மேல் ஈரச் சக்கை வருகிறது. அதில் பெரும்பகுதியைக் கொதிகலன் தின்கிறது. காகித ஆலைகளும் கேட்கின்றன. கொதிகலனை நவீனமாக்கினால் மிச்சமாகும் சக்கை, சைலோஸ் உண்ணும் ஈஸ்டுக்கான சரியான தீனி. அதற்குப் புதிதாக ஒரு சொட்டுப் பாசனம் வேண்டாம், ஒரு மாட்டின் வாயிலிருந்தும் பிடுங்க வேண்டாம்.

மும்பையிலும் டெல்லியிலும் ஃபரீதாபாத்திலும் உயிரி எரிபொருளுக்கென மத்திய அரசு ஆதரவில் ஆய்வு மையங்கள் இயங்குகின்றன. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை உயிரித் தொழில்நுட்ப உற்பத்திக்கென பயோ-ஈ3 கொள்கையை ஏற்றது. அண்ணா பல்கலைக்கழகமும் சென்னை ஐஐடியும் திருவாலங்காட்டிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. நம் வெயிலைத் தாங்கி, நம் சக்கையைத் தின்று எத்தனால் தரும் ஓர் ஈஸ்டை வைத்து, இந்தக் கூட்டுறவு ஆலை வளாகத்திலேயே ஒரு சிறிய சோதனை ஆலையை அரசு தொடங்க வேண்டும். லாபத்தில் கரும்பு கொடுத்தவருக்குப் பங்கு என்று எழுதிவைத்தே தொடங்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்து மக்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. பசுமை எரிபொருள் என்ற பெயரோடு யார் வந்தாலும் வரவேற்றுப் பேசுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்திலோ கிராம சபையிலோ மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நுண்ணுயிருக்கு எது தீனி? தண்ணீர் எந்த ஏரியிலிருந்து? கழிவு எங்கே போகும்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதில் சரியாக இருந்தால் ஆலைக்கு இடம் கொடுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.